கை தூக்கியிருக்கும்வரை

விரால் பிடிக்கக் கற்றுக்கொடு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தண்ணீரைப் பார்க்காதே, தவளையைப் பார் என்பதுதான். தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கரையில் நிற்கிற நமக்குத் தெரியாது. தூண்டில் முள்ளில் மாட்டியிருக்கிற தவளைக்குத் தெரியும். கீழே விரால் வந்து நின்றுவிட்டால் தவளை காலை உதைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் தவிக்கும். விரால் இல்லையென்றால் தாமரை இலைமேல் ஏறி, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் பெரிய கடையில் போய்ப் பளபளவென்று தூண்டில் வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டாவது, நிழல். காலையில் சூரியனைப் பார்த்து உட்கார வேண்டும். நிழல் முதுகுக்குப் பின்னால் விழும். கண் கூசத்தான் செய்யும், கூசட்டும். மூன்றாவது, வாய். பேசுகிறவன் டீக்கடைக்குப் போகலாம்.

எனக்கு மீன் பிடிப்பது பிழைப்பு இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். வாரம் முழுக்க மேஜை முன்னால் நின்று துணியை அடுக்கி அறுக்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது எங்காவது அசையாமல் உட்கார வேண்டும். பொங்கலூர் போகிற வழியில் ஒரு குட்டை இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நிறையும், பாதிக்குத் தாமரை மூடியிருக்கும். மேற்குக் கரையில் மதகுக்கல் பக்கத்தில் என் இடம். ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தூண்டில் நரம்பு, ஈரச் சாக்கில் நாலைந்து தவளை. அவ்வளவுதான் என் சாமான்.

அதே குட்டைக்கு எங்கள் முதலாளியும் வருவார். அந்தப் பக்கம்தான் அவர்களுடைய தோட்டம். விவசாயம் பார்த்த குடும்பம், பிறகு பனியன் கம்பெனி போட்டார்கள். கிழக்குக் கரையில் ஒரு வேலமரத்தடியில் அம்பாசிடரை நிறுத்திவிட்டு, சிங்கப்பூரிலிருந்து யாரோ வாங்கிவந்த ரீல் தூண்டிலோடு இறங்குவார். காலை வெயிலில் அவர் நிழல் நீளமாகத் தண்ணீரில் விழும். அதனால்தான் அவருக்கு மீன் குறைவு. இதைச் சொன்னால் அவர் இடம் மாறியிருப்பார். ஆனால் முதலாளிக்கு நிழல் பற்றி யார் பாடம் எடுப்பது? நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

பல வருஷம் அப்படி எதிரெதிர்க் கரையில் உட்கார்ந்திருக்கிறோம். பேச்சுக் கிடையாது. ஆனால் யாரும் உட்கார்ந்து பேசி வைக்காமலே எங்களுக்குள் இரண்டு சட்டம் வந்துவிட்டது. ஒன்று, விரால் தவளைக்குக் கீழே வந்துவிட்டது தெரிந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவோம். கை தூக்கியிருக்கும்வரை மற்றவர் நடக்கக்கூடாது, இருமக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. இன்னொன்று, பெரிய மீன் மாட்டிக்கொண்டு தாமரைக் கொடிக்குள் ஓடிவிட்டால் மற்றவர் தன் தூண்டிலை வைத்துவிட்டு வந்து தண்ணீரில் இறங்கி எடுத்துக்கொடுக்க வேண்டும். கொடிக்குள் போன விராலை ஒற்றை ஆள் எடுக்க முடியாது. நரம்பை இழுத்தால் அறுந்துவிடும், விட்டால் மீன் சேற்றுக்குள் புதைந்துவிடும். அதனால் முதலாளி எனக்காக இறங்கியிருக்கிறார், நானும் அவருக்காக இறங்கியிருக்கிறேன். மறுநாள் கம்பெனியில் அவர் முதலாளி, நான் மாஸ்டர். மீனைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், பஞ்சப்படி கேட்டு ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பனியன் கம்பெனி எல்லாம் பூட்டிக் கிடந்தது. முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. கோஷம் போட்டோம், ஊர்வலம் போனோம். பிறகு வீட்டில் பருப்பு டப்பா காலியானது. சங்கத்தில் காலி இடத்தில் பந்தல் போட்டுக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். என் மனைவி அங்கே கரண்டி பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோகிற விரால் அங்கே குழம்பாகும். கஞ்சிக்கு மீன்குழம்பு என்றால் வரிசை முன்னாடியே நின்றுவிடும்.

சங்கத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்லியிருந்தார்கள். யாரும் எந்த முதலாளியிடமும் தனியாகப் பேசக்கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. முதலாளிமார்கள் சொந்தக்காரர், பங்காளி என்று ஆள் பிடித்து ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் என் மாதிரி ஆளுக்கு ஆபத்து அதிகம். கட்டிங் மேஜை ஓடினால்தான் ஓவர்லாக் தையலுக்குத் துணி போகும், அது போனால்தான் பேக்கிங். கட்டிங் மாஸ்டர் உள்ளே போய்விட்டான் என்று தெரிந்தால் மற்றவர்களுக்கும் கால் தானாக நடக்கும். அப்படி உள்ளே போனவனை ஊர் கருங்காலி என்று சொல்லும். அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டினால் பிள்ளைகள் கல்யாணம்வரை கூடவே வரும்.

போராட்டம் ஆரம்பித்தபிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை குட்டைக்குப் போனபோது வேலமரத்தடியில் கார் நின்றது.  திரும்பிவிடலாமா என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குட்டை கம்பெனிக்குச் சொந்தமில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். அவரும் எதிர்க்கரையில் இருந்தார். இருவரும் பேசவில்லை, பார்க்கவும் இல்லை.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தக் குட்டைக்குப் போவாதீங்க. வேற குட்டையே இல்லீங்களா?"

"மத்ததுல தண்ணி வத்திப்போச்சு. மீன் வேணும்ல."

"மீன் வேணும்ங்க. பேரும் வேணும்ங்க."

இங்கே ஒரு அறிவுரை சொல்லிவிடுகிறேன். தேவைக்காக மீன் பிடிக்கப் போகாதீர்கள். பொழுது போகப் போகிறவனுக்கு மீன் வரும். குழம்புச் சட்டியை மனசில் வைத்துக்கொண்டு போகிறவன் அவசரப்பட்டு இழுப்பான், இடம் மாறுவான், தவளையை மாற்றுவான். அந்த நாட்களில் நான் பிடித்ததைவிட விட்டதுதான் அதிகம். ஒரு ஞாயிறு செக்கச்செவேல் என்று குஞ்சுக்கூட்டம் ஒன்று மேலே வந்து மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் தாய் நிற்கும். தவளையைக் கூட்டத்துக்கு நடுவில் போட்டால் குஞ்சைத் தின்ன வந்தது என்று நினைத்துப் பாய்ந்து கடிக்கும், தப்பவே தப்பாது. நான் போடவில்லை. குஞ்சோடு நிற்கிறதைப் பிடிப்பது எனக்கு எந்தக் காலத்திலும் ஆகாது. வெறும் சாக்கோடு வந்து அதைச் சொன்னபோது மனைவி கரண்டியைக் கழுவிக்கொண்டே, "நம்ம குஞ்சுக ரெண்டும் உங்க தலையத்தான் பாத்துட்டு உக்காந்திருந்துச்சுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த ஞாயிறுதான் அது நடந்தது. எதிர்க்கரையில் பொளக் என்று ஒரு சத்தம். முதலாளியின் தூண்டில் வில்லாக வளைந்தது. பெரிய மீன். இரண்டு தடவை திரும்பிவிட்டு நேராகத் தாமரைக்கொடிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அவர் இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து என் பக்கம் பார்த்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். கூப்பிடாததால்தான் கால் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கழியை வைத்துவிட்டு, கரையைச் சுற்றி ஓடி, லுங்கியோடு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினேன். நரம்பைத் தடவிக்கொண்டே போய், கொடியை விலக்கி, செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கினேன். என் முழங்கை நீளம் இருக்கும். அது அடித்த அடியில் இருவர் முகத்திலும் சேறு. அவர் தலையைப் பிடித்தார், நான் வாலைப் பிடித்தேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

அப்போது கரைமேல் ஒரு சைக்கிள் நின்றது. எங்கள் கம்பெனி ஓவர்லாக் டெய்லர், கம்பெனி அளவில் சங்கத்துக்குச் செயலாளர். தெற்கத்திக்காரர், வாயில் தயவு தாட்சண்யம் கிடையாது. சொந்த வேலையாக அந்த வழியில் போயிருக்கிறார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, முதலாளியையும் என்னையும் நடுவில் இருந்த மீனையும் பார்த்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"பாத்துட்டாருங்க" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"மீனை நீங்க கொண்டு போங்க மாஸ்டர். புடிச்சது நீங்கதானுங்க."

"வேண்டாமுங்க. உங்க தூண்டிலுங்க."

அந்த மீனைக் கஞ்சித்தொட்டிக்குக் கொண்டுபோனால் அது முதலாளி மீன். வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்னும் மோசம். கரையில் துள்ளவிட்டுவிட்டு, சொட்டச் சொட்ட சைக்கிள் ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினை. பேசவே இல்லை என்று சொன்னால் எவன் நம்புவான்?

பந்தலில் எனக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது.  தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவன் கொஞ்சம் தள்ளி நின்றான். வரிசை நகர்ந்தது. கரண்டி என் மனைவி கையில். என் முறை வந்தபோது எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பக்கத்தில் இருந்த பேக்கிங் பெண்ணிடம் கொடுத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் என்று ஊற்றினாள் என்ற பேச்சு வரக்கூடாது. அந்தப் பெண் கரண்டியோடு செயலாளரைப் பார்த்தாள். அவர் பீடியைப் பற்றவைத்து, இழுத்து, புகையை விட்டு, பிறகுதான் தலையை ஆட்டினார். கஞ்சி விழுந்தது. 

சாப்பிட்டதும் செயலாளர் கூப்பிட்டார்.

"என்ன வே பேசுனீரு அவன்கிட்ட?"

"ஒண்ணும் பேசலீங்க. மீன் கொடிக்குள்ள போயிருச்சு, எடுத்துக் குடுத்தேன்."

"இத்தன வருசமா எதிரும் புதிருமா உக்காந்திருக்கீரு. ஒரு வார்த்த பேசினதில்ல. இத நான் நம்பணும்."

"அங்க பேசக்கூடாதுங்க. மீன் வராதுங்க."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். செயலாளர் சிரிக்கவில்லை. 

"அப்பஞ் சரி. வர்ற ஞாயித்துக்கெழமையும் போவும். நானும் வாரேன். நான் வாரது அவனுக்குத் தெரியப்பிடாது. அவன் என்ன பேசுதான்னு என் காதால கேக்கணும். பேசிட்டாம்னா நீரு இந்தப் பந்தலுக்கு வரவேண்டாம். உம்ம வீட்டம்மாவும் வரவேண்டாம்."

 அந்த வாரம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முதலாளி வராமலே இருந்துவிடக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். குட்டைக்குப் போகும்போது செயலாளர் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். என் இடத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலம் புதர். அதற்குள் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். பீடி பற்றவைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். நான் தவளையை மாட்டி இலைகளுக்கு நடுவில் விட்டேன்.

கார் வந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஆனால் தூண்டில் இறங்கவில்லை. கண் கூசுகிற வெயிலில் கிழக்குக் கரையைப் பார்த்தேன். முதலாளி வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். பிறகு கரையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில், கொடியில் மீன் மாட்டாதபோது அவர் என் கரைக்கு வந்ததே இல்லை.

மதகைத் தாண்டினார். செருப்புச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்தது. பக்கத்தில் வந்ததும் தொண்டையைக் கனைத்தார். எதையோ சொல்லத் தயாராகிறவர் கனைக்கிற கனைப்பு. வாயைத் திறந்தால் முடிந்தது. அவர் நல்லது சொன்னாலும் சரி, கெட்டது சொன்னாலும் சரி, நான் தொலைந்தேன்.

நான் கையைத் தூக்கினேன்.

செருப்புச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே எந்த மீனும் இல்லை. என் தவளை இலைமேல் ஏறிக் கண்ணை மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. உதை, ஒரே ஒரு உதை உதை என்று அதைக் கெஞ்சினேன். உதைக்கவில்லை. பின்னால் நிற்பவர் அதைப் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்? புதருக்குள் ஒரு சருகு நொறுங்கியது. முதலாளி அது என்ன என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

கை மரத்துப்போனது. தோளில் வலி ஏறியது. இறக்கினால் பேசிவிடுவார். இறக்கவில்லை. குட்டையில் மீன்கொத்தி ஒன்று விழுந்து எழுந்து போனது. வெயில் நெற்றிக்கு ஏறியது. அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் செருப்புச் சத்தம் திரும்பியது. மெதுவாக, தண்ணீர் கலையக்கூடாது என்பதுபோல அடியெடுத்து வைத்து, வந்த வழியே போனார். கார் கிளம்பிப் போனபிறகுதான் கையை இறக்கினேன். 

செயலாளர் புதரிலிருந்து முள்ளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மீன் வே அது, இம்புட்டு நேரமா?"

"போயிருச்சுங்க."

அவர் இலைமேல் இருந்த தவளையைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. பந்தலுக்கு வந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "வந்தான், நின்னான், போனான். ஒரு வார்த்த பேசல. நான் கூடவே இருந்தேன்." அன்றைக்கு மனைவியே எனக்குக் கஞ்சி ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள். தலை தப்பியது என்று நானும் குடித்தேன்.

போராட்டம் ஒருவழியாக முடிந்தது. ஜெயித்தோம் என்று இவர்கள் சொன்னார்கள், அவர்களும் அதையே சொன்னார்கள். கம்பெனி திறந்த அன்று முதலாளி வழக்கம்போல, "வாங்க மாஸ்டர்" என்றார். நான் மேஜையில் துணியை விரித்தேன். குட்டைக்கு அவர் வெகுநாள் வரவில்லை.

அவர் திரும்ப வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத்தான் மீன் மாட்டியது. மாட்டிய வேகத்தில் கொடிக்குள் போய்விட்டது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்க்கரையில் ரீல் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவர் சுற்றி வந்து, வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி, மீனை எடுத்து என் சாக்கில் போட்டார். போவார் என்று பார்த்தேன். போகவில்லை.

"அன்னிக்குக் கீழ மீன் இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க மாஸ்டர்."

நான் சாக்கின் வாயைக் கட்டினேன்.

"தவளை எலை மேல உக்காந்துட்டு இருந்துச்சு. வெரால் இருந்தா உக்காருமுங்களா?"

"அப்புறம் ஏனுங்க அத்தன நேரம் நின்னீங்க?"

"கை தூக்கியிருந்தீங்களே."

வேட்டி நுனியைப் பிழிந்தார். தண்ணீர் அவர் காலடியில் ஓடியது.

"ஷிப்மென்ட் நின்னுபோய்க் கெடந்துச்சுங்க. திங்கக்கெழம வந்து கட்டிங்கை மட்டும் தொறந்து குடுங்கன்னு கேக்கலாம்னு வந்தேன். கார் டிக்கியில உங்க ஊட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வச்சிருந்தேன். கேட்டிருந்தா என்னுங்க சொல்லியிருப்பீங்க?"

பின்னால் புதரில் ஆள் இருந்தது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். சங்கத்து ஆள் இருந்ததால் கை தூக்கினேன் என்றால் அதுவும் உண்மைதான். ஆனால் அரிசி மூட்டை என்று அவர் சொன்னதும் வீட்டில் காலியான பருப்பு டப்பாதான் எனக்குக் கண்ணில் வந்தது. செயலாளர் காதுக்குப் பயந்துதான் கை தூக்கினேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் காதுக்கும் பயந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் கரைக்குப் போனார். வழக்கம்போல நிழல் தண்ணீரில் விழ உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முற்றத்தில் கல்லில் வைத்து, சாம்பலைத் தொட்டு விராலை உரசிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள்.

"வாங்கியிருப்பீங்க" என்றாள், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "நான்தான் உங்களயும் மூட்டையயும் ஊட்டுக்குள்ள உட்டிருக்க மாட்டேன்."